டேனரி, ஷூ கம்பெனி தொழிலாளர்களிடம் ஆய்வு: எதிக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தை எப்படிச் சரிசெய்வது?

#1 பாலாற்றுமணல்

வணக்கம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் டேனரியிலும் (தோல் பதனிடும் ஆலை) ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வு இது. துறை சமூகப்பணி. மொத்தம் 300 பேர், ஆளுக்கு 40 நிமிடப் பேட்டி. பேட்டிக்குள் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்விகளும் வருகின்றன. பேட்டி முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்ப்போம். தோல் பதனிடும் ட்ரம் பக்கம் நிற்கும் 60 பேரிடம் மட்டும், பதனிடப் பயன்படும் குரோமியம் உடம்பில் எவ்வளவு என்று பார்க்க 50 மி.லி. சிறுநீர் வாங்குவோம். கம்பெனி நிர்வாகங்களின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. முக்கியமான குறிப்புகள் நான்கு: பங்கேற்பவருக்கு ஆய்வை விளக்கும் தமிழ்த் தகவல் தாள் புரியவில்லை, சம்மதத்துக்குச் சாட்சி யார் என்று இல்லை, அளவு மோசமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று இல்லை, நிர்வாகக் கடிதம் சம்மதம் ஆகாது. கேள்வித்தாள் ஆய்வுக்கு இவ்வளவு தேவையா என்று துறையில் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சேண்பாக்கம்

தேவை. "வெறும் கேள்வித்தாள்தானே" என்ற பேச்சு 2019-க்கு முந்தியது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019 மார்ச்சில் வந்தன. பெயரைப் பார்த்து மருந்துக் கம்பெனி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் நான்காம் அத்தியாயம் மருந்தே இல்லாத உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானது. விளக்கத்திலேயே நோய் நிலை "உடல் சார்ந்ததோ சமூக-நடத்தை சார்ந்ததோ" என்ற பொருளில் வருகிறது. தொழிலாளியின் மனச்சோர்வும் ரத்த அழுத்தமும் நேராக இதற்குள் வந்துவிடும். துறையின் பெயர் சமூகப்பணி என்பதால் விலக்கு கிடையாது.

இந்த வகை ஆய்வைப் பார்க்கும் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனையைப் பார்க்கும் கமிட்டிக்குப் பதிவு வேறு இடத்தில், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு எண்ணையும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் வரும் நாளில் பதிவு காலாவதியாகியிருந்தால் பின்னால் ஆய்விதழில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

நடைமுறைக்கு அடிப்படை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட 2017 தேசிய நெறிமுறைகள். அதில் பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டி. பொதுவெளியில் உள்ள தரவு, அடையாளம் ஒட்டாத பழைய பதிவு, பாடத்திட்ட ஒப்பீடு, உணவின் ருசி பார்க்கும் ஆய்வு போன்றவை விலக்குக்குள் வரும். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதை ஆய்வாளரோ கைடோ முடிவுசெய்ய முடியாது. விலக்குக்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

உங்களுடையது முழுக் கமிட்டிக்குத்தான் போகும். முதலாளிக்குக் கீழ் இருக்கும் தொழிலாளிகள், மனநலக் கேள்வி, உடல் மாதிரி என்று மூன்றும் ஒரே ஆய்வில் இருக்கின்றன.

#3 காட்பாடி ஜங்ஷன்

கமிட்டி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் திருப்பி அனுப்பியதில் கோபம் வராது.

குறைந்தது 7 பேர். பாதிப்பேராவது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தலைவர் வெளியாள், உறுப்பினர் செயலர் உள்ளாள். மருத்துவர், அடிப்படை மருத்துவ அறிவியலர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலர், பொதுமக்களில் ஒருவர் இருப்பார்கள். 5 பேர் கூடாமல் முடிவெடுக்கக்கூடாது. அந்த ஐவரில் மருத்துவம் சாராதவரும் வெளியாளும் இருந்தாக வேண்டும். உங்கள் கைடு கமிட்டியில் உறுப்பினர் என்றால் உங்கள் விண்ணப்பம் வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும், அது குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பதிவாகவில்லை என்றால் அந்த அனுமதியையே பின்னால் யாரும் கேள்வி கேட்கலாம்.

"தமிழ்த் தாள் புரியவில்லை" என்ற குறிப்பு அநேகமாக அந்தப் பொதுமக்கள் பிரதிநிதி எழுதியதாக இருக்கும். என்னைக் கேட்டால் கமிட்டியில் மிக உபயோகமான ஆள் அவர்தான்.

திருத்தி அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை: ஒவ்வொரு குறிப்புக்கும் பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரி மாறியது என்பதோடு ஒரு தனிக் கடிதம். பழைய வரியும் புதிய வரியும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும். கமிட்டி அங்கீகரித்தது பதிப்பு 2, களத்தில் ஓடியது பதிப்பு 1 என்பது அடிக்கடி நடக்கிற தவறு. காரணம் சாதாரணமானது: ஜெராக்ஸ் கடையில் முன்பே 300 பிரதி போட்டுவிடுவார்கள், அதை வீணாக்க மனம் வராது.

இன்னொன்று. அனுமதிக் கடிதத் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு பேட்டிகூட இருக்கக்கூடாது. முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. கேள்வித்தாளை "டெஸ்ட் பண்ணிப் பார்த்த" 20 பேரும் பங்கேற்பாளர்கள்தான். முன்னோட்ட ஆய்வையும் விண்ணப்பத்திலேயே எழுதி அனுமதி வாங்குங்கள்.

#4 குடியாத்தம் தறி

சேண்பாக்கம் சொன்ன சட்டம் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படிவங்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வார்டை மனதில் வைத்துச் செய்தவை. பீடி சுற்றுகிற பெண்ணிடமும் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருப்பவரிடமும் நாலு பக்கத் தாளை நீட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து கேட்டால், அது அவர்களுக்குப் பாதுகாப்பா? பெயரும் கையெழுத்தும் உள்ள காகிதம்தான் அந்த ஆய்விலேயே அவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே பொருள். சம்பளம், பி.எஃப்., கையுறை கொடுக்காதது பற்றியெல்லாம் பேசியவர் யார் என்று அந்தக் காகிதம் சொல்லிவிடும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி ஏமாற்றப்பட்டவர்கள் இருக்கிற ஊர்களில் கையெழுத்து என்ற சொல்லே பயம்.

#5 சேண்பாக்கம்

குடியாத்தம் சொல்வது நியாயம். அதற்கு வழி கமிட்டியைத் தவிர்ப்பது அல்ல, கமிட்டியிடமே கேட்பது. எழுத்துச் சம்மதத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று அனுமதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. காரணத்தை எழுத வேண்டும்: கையெழுத்தே ஆபத்து, பெயர் எங்கும் பதிவாகாது, படித்துக் காட்டுபவர் தேதியும் நேரமும் குறித்துத் தன் கையெழுத்தைப் போடுவார் என்று. பேட்டிப் பகுதிக்கு இதைக் கேளுங்கள். சிறுநீர் மாதிரி தரும் 60 பேருக்கு எழுத்துச் சம்மதமே சரி, முடிவை அவர்களிடம் திருப்பிச் சொல்ல ஆளை அடையாளம் தெரிந்திருக்க வேண்டுமே.

#6 ஊரீசு சாலை

தமிழ்த் தாள் பற்றி விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான், ஆனால் எல்லாரும் கடைசி இரண்டு மணி நேரத்தில் செய்கிற வேலையும் இதுதான்.

முதலில் சொற்கள். "ஆய்வு செய்ய வந்திருக்கிறோம்" என்று கம்பெனி வாசலில் சொன்னால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ரெய்டு என்றுதான் கேட்கும். அதிகாரி ஆய்வு, திடீர் ஆய்வு என்றுதானே செய்தியில் வருகிறது? "படிப்புக்காக உங்க வேலையைப் பத்தியும் உடம்பைப் பத்தியும் கேட்டு எழுதிக்கிறோம்" என்றால் விஷயம் முடிந்தது. "ஒப்புதல்" என்றால் பலருக்கு ஒப்புதல் வாக்குமூலம் ஞாபகம் வரும், "சம்மதம்" போதும். "தன்னார்வத்துடன்" என்றால் தொண்டு நிறுவனம் என்று நினைப்பார்கள். "விருப்பம் இருந்தால் மட்டும்" என்று எழுதுங்கள். "தகவல்கள் இரகசியமாக வைக்கப்படும்" என்பது ஏதோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். "உங்க பேரு எதிலயும் வராது" என்பதே தெளிவு. மருந்து ஆய்வு செய்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிளாசிபோவைப் "போலி மருந்து" என்று மொழிபெயர்க்காதீர்கள், கள்ள மருந்து என்று பொருள்படும். "மருந்து எதுவும் கலக்காத மாத்திரை" என்று எழுதுங்கள். ரேண்டம் முறைக்குக் "குலுக்கிப் போடுவது மாதிரி" என்றால் யாருக்கும் புரியும்.

அளவுகள். 5 மி.லி. ரத்தம் என்றால் ஒரு டீஸ்பூன். 50 மி.லி. சிறுநீர் என்றால் சின்ன டீ கிளாஸில் பாதி.

மொழி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் உருதுத் தாள் இல்லாமல் போக முடியாது. குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லைப் பக்கம் தெலுங்கும் வேண்டும். உருதுவில் மட்டும் வாசிப்பவர், தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர், உருது வீட்டுமொழியாக இருந்தும் தமிழில் மட்டுமே படித்தவர் என்று ஒரே லைனில் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே "எந்த மொழியில் வாசித்தால் வசதி, எதில் கேட்டால் வசதி" என்று இரண்டு தனிக் கேள்விகள் கேட்டுவிட்டுத் தாளை எடுங்கள்.

திரும்ப மொழிபெயர்ப்பு: தமிழாக்கிய தாளை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் வைப்பார்கள். ஆனால் திரும்ப மொழிபெயர்ப்பு சரியாக வந்தால் தாள் புரிகிறது என்று ஆகாது. புரியாத தமிழும் திரும்ப ஆங்கிலமாகும்போது அழகாக வந்துவிடும், ஏனென்றால் இரண்டு பேரும் ஆங்கிலம் படித்தவர்கள். ஐந்தாறு தொழிலாளிகளிடம் படித்துக் காட்டி, "இதுல என்ன சொன்னேன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்பதே சோதனை. மூன்று கேள்வி போதும்: நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? வேண்டாம் என்றால் என்ன ஆகும்? பாதியில் நிறுத்தலாமா? இரண்டாவது கேள்விக்கு "மேஸ்திரி திட்டுவார்" என்று பதில் வந்தால் பிரச்சினை தாளில் இல்லை, ஆளைக் கூப்பிட்ட விதத்தில் இருக்கிறது.

சாட்சி. வாசிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் சார்பில்லாத சாட்சி ஒருவர் முழுவதும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். உங்கள் குழு ஆள் சாட்சி ஆகாது. சூப்பர்வைசர், மேஸ்திரி, எச்.ஆர். நிச்சயம் கூடாது. பங்கேற்பவரே அழைத்துவரும் பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், சங்கத்தில் ஒருவர் என்று விடுங்கள்.

தேதியைப் பங்கேற்பாளரே எழுத வேண்டும். 40 படிவத்திலும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் தேதி இருந்தால் தணிக்கைக்கு வருபவர் முதல் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். தாளின் ஒரு பிரதியைக் கொடுத்தாக வேண்டும். தொடர்பு எண் அதில்தான் இருக்கிறது. கம்பெனிக்குள் அதை எடுத்துப்போக அஞ்சுபவருக்கு, எண் மட்டும் உள்ள சின்னச் சீட்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம், கமிட்டியிடம் காட்டிவிட்டு.

#7 அடுக்கம்பாறை பஸ்

பி.எச்.கியூ-9 வைத்திருக்கிறீர்கள். ஒன்பதாவது கேள்வி செத்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. அதில் ஒருவர் 0 தவிர வேறு எதைச் சொன்னாலும், மொத்தம் 27-க்கு எத்தனை என்று கூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே, அந்த இடத்திலேயே ஏதாவது செய்ய வேண்டும். யார் பேசுவார், எங்கே தனியாகப் பேசுவார், எந்த ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்புவீர்கள், போக்குவரத்துச் செலவு யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104 இரண்டும் சீட்டில் இருக்கட்டும், ஆனால் எண்ணைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எழுதினால் கமிட்டி மறுபடி திருப்பும், திருப்பவும் வேண்டும். பேட்டி எடுக்கும் மாணவர்களுக்கு இதற்கென்று பயிற்சி கொடுக்கவில்லை என்றால் அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.கியூ-8 போதுமா என்று யோசியுங்கள். "கேட்காமல் விட்டால் பொறுப்பு இல்லை" என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உதவ வழி இருந்தால் கேளுங்கள்.

ரத்த அழுத்தம்: 180/120 அல்லது அதற்கு மேல் வந்தால் 5 நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் 108. அறிகுறி இல்லாவிட்டால் அன்றைக்கே மருத்துவர் பார்க்கும்படி சீட்டு. 140/90-க்கு மேல் இருப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. மாத்திரை தொடர்வதற்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. கஃப் (கையில் சுற்றும் பட்டை) அளவு சின்னதாக இருந்தால் தடித்த கையில் அளவு கூடுதலாகக் காட்டும், ஆகவே இரண்டு அளவு கஃப் எடுத்துப்போங்கள்.

குரோமியம்: இங்கேதான் உங்கள் திட்டத்தில் ஓட்டை. முடிவை ஆளிடம் சொல்வீர்களா? சொன்னால், "சார், இது ஜாஸ்தியா?" என்று கேட்பார். குரோமியத்தில் வகை உண்டு. டேனரியில் பயன்படுத்துவது மூன்றிணைதிற குரோமியம். புற்றுநோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஆறிணைதிறம் என்ற இன்னொரு வகை. சிறுநீரில் மொத்தக் குரோமியத்தைத்தான் அளப்பீர்கள், எது எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. இதைப் பாமரத்தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம்: ஷிஃப்ட் முடியும்போது, முடிந்தால் வாரக்கடைசி வேலைநாளில். கையுறை போட்ட அதே கையால் குப்பியைத் திறந்தால் கையில் ஒட்டியிருக்கும் குரோமியம் மாதிரிக்குள் போய் எண் பொய்யாகும். கை கழுவிவிட்டு வேலை உடுப்பைக் கழற்றிய பிறகு குப்பியைக் கொடுங்கள்.

#8 ஜவ்வாது அடிவாரம்

நிர்வாகக் கடிதம் சம்மதம் ஆகாது என்ற குறிப்பு பற்றி. உள்ளே நுழைய அனுமதி வேறு, ஆளின் சம்மதம் வேறு. இதைக் குழப்பியதால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் பதிவான பாடம் இருக்கிறது. 2009-10-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) தடுப்பூசி ஆய்வில், பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல படிவங்களில் விடுதி வார்டன்கள் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது, 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாக எழுதியது.

நம் பக்கத்தோடு தொடர்புள்ளதும் ஒன்று. 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட ரத்த மாதிரிகள் சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களுடையவை; சோதித்துப் பார்த்தது வேலூரில். அந்தக் கண்டுபிடிப்பால் நாடு விழித்தது, அதில் சந்தேகமில்லை. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. இன்றைக்கு எச்.ஐ.வி. சட்டம் 2017-ன்படி பொதுவாகச் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையும் ஆய்வும் செய்ய முடியாது.

ஆகவே பீஞ்சமந்தை, புதூர்நாடு பக்கம் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்பவர்களுக்கும் சொல்கிறேன்: தலைமையாசிரியர், வார்டன், முதன்மைக் கல்வி அலுவலர் கடிதம் எல்லாம் கதவைத் திறக்கத்தான். பெற்றோரைத் தேடி மலைக்குப் போக வேண்டும். பிள்ளை 7 முதல் 12 வயது என்றால் வாய்மொழி இசைவு (பிள்ளை தானே சரி என்று சொல்வது), 12-க்கு மேல் 18 வரை என்றால் எழுத்து இசைவு, இரண்டிலும் பெற்றோர் சம்மதமும் சேர்ந்து. பழங்குடிப் பகுதிக்குள் நுழைய ஆட்சியர் அல்லது பழங்குடியினர் நலத்துறை அனுமதி தனி. அந்த மக்களுக்குப் பயன் இல்லாத ஆய்வென்றால் அங்கே போகவே கூடாது என்கிறது 2017 நெறிமுறை. தொரப்பாடி ஜெயில் ஆய்வுக்கும் இதே கணக்கு: கண்காணிப்பாளர் கடிதம் சம்மதம் அல்ல, பங்கேற்றால் பரோல் கிடைக்கும் என்ற எண்ணமே வராமல் பேச வேண்டும்.

#9 கல்லூரி மணி

குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. நம் கல்லூரி மாணவர்களிடமே கூகுள் ஃபார்மில் எடுத்தால்?

#10 ஊரீசு சாலை

மூன்று விஷயம். முதலாண்டு மாணவர்களில் நிறையப் பேருக்கு 17 வயதுதான், அவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்; இல்லையேல் 18 முடிந்தவர்கள் மட்டும் என்று முதல் கேள்வியிலேயே வடிகட்டுங்கள். பாடம் எடுப்பவரே தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போடக்கூடாது, இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது. ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டு, முதல் பக்கத்தில் சம்மதக் கேள்வி வைத்து, "இல்லை" என்றால் நேராகக் கடைசிப் பக்கம் போகும்படி அமையுங்கள். "பெயர் தெரியாது" என்று எழுதிவிட்டு ஜிமெயில் பதிவாகும் ஃபார்ம்கள் ஏராளம்.

#11 காட்பாடி ஜங்ஷன்

தரவுப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்மதப் படிவமும் கேள்வித்தாளும் ஒரே ஃபைலில் இருக்கக்கூடாது. குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒரே இடத்தில், கடவுச்சொல்லோடு. ஆதார் எண் எதற்கும் தேவையில்லை. ஆய்வேட்டில் "பேரணாம்பட்டு, 52 வயது, ஸ்பிளிட்டிங் மெஷினில் இரண்டு விரல் இழந்தவர்" (தோலைப் படலமாகப் பிளக்கும் மெஷின்) என்று எழுதினால் பெயர் போட்டதற்குச் சமம், ஊரே சொல்லிவிடும். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களைச் சேர்த்துக் காட்டுங்கள். கமிட்டி தன் ஆவணங்களை ஆய்வு முடிந்து 3 ஆண்டு வைத்திருக்கும், மருந்துப் பரிசோதனை என்றால் 5 ஆண்டு. உங்களுடையதையும் அதற்குக் குறையாமல் வையுங்கள்.

கூலி. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு 40 நிமிடம் என்பது சம்பளம். இழந்ததை ஈடுகட்டுவது சரி, எவ்வளவு என்று கமிட்டியிடம் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லவே முடியாத அளவுக்குப் பெரிய தொகை தவறு.

#12 பாலாற்றுமணல்

எல்லாருக்கும் நன்றி. தகவல் தாளின் முதல் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"நாங்க வேலூர்ல படிக்கிறோம். கம்பெனியிலயோ கவர்மென்ட்லயோ இருந்து வரலை. உங்க வேலையைப் பத்தியும் உடம்பு, மனசு எப்படி இருக்குன்னும் 40 நிமிஷம் கேட்போம். அப்புறம் பிரஷர் பார்ப்போம். விருப்பம் இருந்தா மட்டும் பேசுங்க. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம விடலாம், எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம். நீங்க பேசினது கம்பெனிக்குத் தெரியாது. கேன்டீன் பக்கத்து ரூம்ல மதியம் சாப்பாட்டு நேரத்துல நடக்கும்."

#13 ஊரீசு சாலை

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஆனால் கடைசி இரண்டு வரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கேன்டீன் பக்கத்து அறைக்குள் யார் போனார், எத்தனை நிமிடம் இருந்தார் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். அப்படியிருக்க "கம்பெனிக்குத் தெரியாது" என்பது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. சாப்பாட்டு நேரம் அரை மணி என்றால் 40 நிமிடம் அதற்குள் அடங்கவும் அடங்காது.

இடத்தை மாற்றுங்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுப் பக்கம், அல்லது அவர் சொல்லும் இடம், ஞாயிற்றுக்கிழமை. ஆட்களை நிர்வாகப் பட்டியலிலிருந்து எடுக்காமல் தெருவாரியாக எடுங்கள். அப்போது கம்பெனிக் கடிதமே தேவைப்படாது. மாதிரி எடுப்பு முறை மாறுவதால் அந்தப் பகுதியையும் திருத்தி, பதிப்பு எண்ணைக் கூட்டி அனுப்புங்கள். சிறுநீர் மாதிரிக்கு ஷிஃப்ட் முடியும் நேரம் வேண்டும் என்பதால் அந்த 60 பேருக்கு மட்டும் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஓர் இடம் பாருங்கள், கை கழுவத் தண்ணீரும் கதவுள்ள கழிப்பறையும் இருக்கிற இடமாக.